வன்னி வானத்தில் போகும் பிளேனுக்கு அடிவயிற்றைப் பார்த்துப் பெயர் சொல்வது எப்படி?

கேள்வி கிளிநொச்சியில் படிக்கும் ஒரு மாணவருடையது. "மேலால போற பிளேன் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைக் கோடாத்தான் தெரியுது. எது எயார்பஸ், எது போயிங் எண்டு எப்படிப் பிரிக்கிறது? அரிதான பிளேன் வந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

விமான வகைகளைப் பிரிக்கச் சொல்லித்தரும் குறிப்புகளில் பெரும்பாலானவை விமான நிலைய வேலியோரம் நிற்பவருக்காக எழுதப்பட்டவை. விமானி அறை யன்னலைப் பார், கதவை எண்ணு, வாலில் உள்ள எழுத்தைப் படி என்பார்கள். வன்னியில் அது உதவாது. பயணிகள் ஜெட் இறங்கும் நிலையம் நமக்குக் கிட்ட இல்லை. நம் தலைக்கு மேல் போகிறவை பத்துப் பதினொரு கிலோமீற்றர் உயரத்தில், வயிற்றை மட்டும் காட்டிக்கொண்டு போகின்றன. ஆகவே முதலில் வயிற்றைப் படிக்கப் பழக வேண்டும். பெயின்ற், எழுத்து, யன்னல் எல்லாம் பிறகு.

அதற்கும் முதல் பிளேன் கண்ணில் பட வேண்டுமே. சத்தம் கேட்ட திசையில் அண்ணாந்து தேடுவதுதான் எல்லோரும் விடும் பிழை. 10.7 கிலோமீற்றர் (35,000 அடி) உயரத்திலிருந்து சத்தம் தரைக்கு வர அரை நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதலாக எடுக்கும். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஜெட் அதற்குள் எட்டுக் கிலோமீற்றர் தாண்டிவிடும். சத்தம் உச்சிக்கு நேரே கேட்டால் பிளேன் நிற்பது அங்கிருந்து கிட்டத்தட்ட 40 பாகை முன்னால். கையை நீட்டி முட்டியைப் பொத்தினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. சத்தத்திலிருந்து போகும் திசையில் நாலு முட்டி தள்ளிப் பாருங்கள், அகப்படும்.

அடுத்தது அளவு. அந்த உயரத்தில் நேர் உச்சியில் போகும் ஏ320 முழு நிலவின் அகலத்தில் பாதிகூட வராது. போயிங் 777-300 நிலவின் அகலத்தில் முக்கால்வாசி வரும். வெறுங்கண்ணுக்கு இரண்டும் சின்னச் சிலுவைதான். 8×42 அல்லது 10×50 தொலைநோக்கி (முதல் எண் எத்தனை மடங்கு பெருப்பிக்கும் என்பது, அடுத்தது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீற்றரில்) ஒன்று இருந்தால் காரியம் நடக்கும். பத்து மடங்கு என்றால் பிளேன் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் நிற்பதுபோல. ஆனால் கை நடுக்கமும் பத்து மடங்காகும். சாய்வு நாற்காலியில் சாய்ந்து, முழங்கைகளை அதன் கையில் ஊன்றிப் பாருங்கள். பத்து மடங்குக்கு மேல் வாங்கிக் கையில் பிடித்துப் பார்ப்பது காசுக்கும் கேடு, கழுத்துக்கும் கேடு.

இடம் என்று பார்த்தால் குளக்கட்டுகளை விட நல்லது இல்லை. அடிவானம் திறந்து கிடக்கும். வரைபடத்தில் கட்டுநாயக்காவுக்கும் சென்னைக்கும் நேர்கோடு ஒன்று போட்டுப் பாருங்கள். அது மன்னார் மாவட்டத்தின் மேலால் போகும். கட்டுக்கரைக்குளம் கிட்டத்தட்ட அதன் அடியிலேயே கிடக்கிறது. கிளிநொச்சி நகரிலிருந்து அந்தக் கோடு மேற்கே சுமார் 40 கிலோமீற்றர். அங்கே போகும் ஜெட் அடிவானத்திலிருந்து ஒன்றரை முட்டி உயரத்தில் பக்கவாட்டாகத்தான் தெரியும். முருங்கன் பக்கத்தவர்களுக்கு வயிறு, கிளிநொச்சியாருக்கு விலா என்று வைத்துக்கொள்ளலாம். நேரம் வெள்ளன, எட்டு மணிக்கு முன். பத்து மணி தாண்டினால் வெட்டவெளி வயலிலிருந்து எழும்பும் வெக்கையில் தாழ்வாகத் தெரியும் பிளேன் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளியும். சோளகம் (தென்மேற்குக் காற்று) பலமாக அடிக்கும் மாதங்களில் புழுதியும் சேரும். வாடை மாதங்களில் முகில், ஆனால் மழை கழுவிவிட்ட மறுநாள் காலை வானம் கண்ணாடி.

இனி வகை பிரிப்பு. ஒழுங்கை மாற்ற வேண்டாம்: எத்தனை எஞ்சின், எஞ்சின் எங்கே, இறக்கை உடலின் மேலேயா கீழேயா, உடலுக்கும் இறக்கைக்கும் உள்ள விகிதம், இறக்கை நுனி, வால். நிறம் கடைசி. ஏனென்றால் நிறம் ஏமாற்றும். ஒரு நிறுவனம் வாடகைக்கு எடுத்த பிளேன் வெள்ளையாகவே பறக்கும். மற்றப் பக்கம், ஸ்ரீலங்கனின் சொந்த ஜெட்டுகள் எல்லாம் எயார்பஸ்தான் (ஏ320 குடும்பமும் ஏ330 உம்) என்று தெரிந்தவர் மயில் வாலைக் கண்டு போயிங் என்று எழுதமாட்டார். நிறத்தால் கிடைக்கும் உதவி அவ்வளவுதான்.

உடல் ஒல்லியாக, இறக்கைக்குக் கீழ் இரண்டு எஞ்சினோடு இருந்தால் அது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: எயார்பஸ் ஏ320 குடும்பம், அல்லது போயிங் 737. இந்த இரண்டையும் பிரிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. கீழிருந்து பார்ப்பவருக்கு 737 ஒரு பரிசு வைத்திருக்கிறது. அதன் பிரதான சில்லுகளை மூட முழுக்கதவு கிடையாது. சில்லை மடித்து உள்ளே இழுத்த பிறகும் ரயரின் வெளிப்பக்கம் வயிற்றோடு வயிறாக வெளியே தெரியும். இறக்கைகள் சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், நடுக்கோட்டுக்கு இருபுறமும், இரண்டு கரிய வட்டங்கள். நேர் உச்சியில் நல்ல வெளிச்சத்தில் பத்து மடங்குத் தொலைநோக்கியில் இரண்டு கரும்புள்ளியாகப் பிடிபடும். ஏ320 இன் வயிறு கதவு மூடி வழுவழு என்றிருக்கும்.

பக்கவாட்டில் தெரிந்தால் வாலின் அடியைப் பாருங்கள். 737 இல் நிமிர்ந்த வால் தொடங்குமுன் முதுகில் ஒரு சாய்வான முக்கோணத் துண்டு இருக்கும். வாலின் முன்விளிம்பு அதனால் நடுவில் முறிந்ததுபோல் தெரியும். ஏ320 இல் வால் ஒரே கோடாக முதுகிலிருந்து எழும்பும். இந்த முறிவு 20 கிலோமீற்றரிலும் தொலைநோக்கியில் தெரியக்கூடிய அடையாளம். மூக்கு 737க்குக் கூர், ஏ320க்கு உருண்டை. கட்டுநாயக்காவில் கண்ணாடிக்கு அப்பால் கிட்ட நின்று பார்க்க வாய்த்தால் எஞ்சின் வாயையும் பாருங்கள். 737 இன் பழைய தலைமுறைகளில் அது வட்டம் அல்ல, அடிப்பக்கம் தட்டையாக அமுக்கிவிட்டதுபோல் இருக்கும். 737 நிலத்துக்குத் தாழ்வாக 1960களில் வரையப்பட்டது. பிறகு வந்த தடித்த எஞ்சினுக்குக் கீழே இடம் போதவில்லை, அதனால் துணைக்கருவிகளைப் பக்கத்துக்குத் தள்ளி அடியைத் தட்டையாக்கினார்கள். புதிய தலைமுறையான 737 மக்ஸில் எஞ்சினின் பின்விளிம்பு வாள்பல் மாதிரி வெட்டியிருக்கும், இறக்கை நுனி மேலும் கீழுமாகப் பிளந்திருக்கும்.

ஏ320 இல் பழையதையும் நியோவையும் (புது எஞ்சின் போட்ட பதிப்பு) பிரிப்பது எஞ்சினால். பழைய சிஎஃப்எம்56 இன் முன்விசிறி விட்டம் 1.73 மீற்றர். நியோவின் லீப் எஞ்சினில் அது 1.98 மீற்றர். கால் மீற்றர் வித்தியாசம் எழுத்தில் சிறிது, ஆனால் பார்வையில் நியோ இரண்டு பானையைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருக்கும். இறக்கை நுனியை நம்பி நியோ என்று எழுதாதீர்கள். நுனியில் அம்புத்தலை மாதிரிச் சிறு வேலி இருந்தால் அது நிச்சயம் பழையது. ஆனால் மேல்நோக்கி வளைந்த ஷார்க்லெட் பிந்திய காலப் பழைய ஏ320 களிலும் உண்டு.

குடும்பத்துக்குள் யார் என்பதற்கு விகிதம். ஷார்க்லெட் போட்ட ஏ320 குடும்பம் முழுவதற்கும் இறக்கை விரிவு 35.8 மீற்றர். நீளம்தான் மாறும்: ஏ319 33.84, ஏ320 37.57, ஏ321 44.51. நீளத்தை விரிவால் பிரித்தால் முறையே 0.95, 1.05, 1.24. போனில் படம் எடுத்து, பெருப்பித்து, திரையில் அடிமட்டத்தை வைத்து அளந்தாலே போதும். 737-800க்கு 1.10, 777-300ஈஆருக்கு 1.14, 787-8க்கு 0.94, ஏ380க்கு 0.91.

இந்த முறை கவிழ்க்கும் இடம் ஒன்று உண்டு. அதைத் தெரியாமல் அளப்பவர்கள்தான் ஏ320ஐ ஏ321 என்று எழுதுகிறார்கள். விகிதம் சரிவருவது பிளேன் உச்சிக்குக் கிட்ட நிற்கும்போது மட்டுமே. 60 பாகை உயரத்தில், உங்களை நோக்கியோ உங்களை விட்டோ போகும் ஏ321 இன் நீளம் பார்வைக்குக் குறுகி 1.24 என்பது 1.08 ஆகிவிடும், ஏ320 மாதிரியே தெரியும். அதே 60 பாகையில் குறுக்காகப் போகும் ஏ320க்கு இறக்கை குறுகி 1.05 என்பது 1.21 ஆகும், ஏ321 மாதிரித் தெரியும். எனவே உச்சியிலிருந்து ஒன்றரை முட்டிக்கு உள்ளே வந்த படத்தை மட்டும் அளவுங்கள். இன்னொன்று, ஏ320 உம் ஏ330-300 உம் விகிதத்தில் கிட்டத்தட்ட ஒன்றே. அளவு தெரியாத வானத்தில் விகிதம் குடும்பத்துக்குள் மட்டும்தான் தீர்ப்புச் சொல்லும்.

பெரிய உடல்காரர்களில் முதலில் 777ஐப் பழகுங்கள். இறக்கை நுனியில் மேல்நோக்கிய வளைவு எதுவும் இல்லாத பெரிய இரட்டை எஞ்சின் ஜெட் பெரும்பாலும் அதுதான். 777-300ஈஆரில் நுனி பின்னோக்கிச் சாய்த்துக் கூராக்கப்பட்டிருக்கும். அதன் ஜீஈ90 எஞ்சினின் முன்விசிறி 3.25 மீற்றர் விட்டம். ஏ9 வீதியில் ஓடும் பஸ்ஸின் அகலத்தை விடக் கூட. அடியிலிருந்து பார்த்தால் எஞ்சின் உடலுக்குப் போட்டியாக நிற்கும். வாலின் கடைசி நுனி பக்கவாட்டில் கத்தி அலகுபோல் தட்டையாக வெட்டி முடியும்; மற்றவற்றில் அது கூம்பு. சில்லை இறக்கிய நிலையில் ஒவ்வொரு பக்கமும் ஆறு சில்லு.

787 ஐ இறக்கையின் வளைவே காட்டிக்கொடுக்கும். பறக்கும்போது இரண்டு நுனியும் வில்லாக மேலே வளைந்திருக்கும். தூரத்தில் முன்னிருந்து பார்த்தால் பருந்து மிதப்பதுபோல. நுனியில் தனியாக ஒட்டிய துண்டு கிடையாது, எஞ்சின் பின்விளிம்பில் வாள்பல். ஏ350க்கு இறக்கை நுனி சுருண்டு மேலே போகும்; விமானி அறை யன்னலைச் சுற்றிக் கறுப்புக் கண்ணாடி போட்டமாதிரிப் பட்டை. ஏ330நியோவுக்கும் அந்தக் கறுப்புப் பட்டை உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து ஏ350 என்று முடிவுகட்ட வேண்டாம். சாதாரண ஏ330க்கு நுனியில் நேரான, வெளிப்பக்கம் சரிந்த தகடு.

நாலு எஞ்சின் தெரிந்தால் தொலைநோக்கியைக் கீழே வைக்காதீர்கள், இப்போது அவை எல்லாமே அரிது. 747 இன் இறக்கை 37.5 பாகை பின்சாய்வு, மற்ற எவரையும் விடக் கூட. கீழிருந்து அம்புமுனைபோல் தெரியும். முன்பக்க மேல்மாடித் திமில் பக்கவாட்டில் மட்டுமே தெரியும். கடைசி 747 2023 ஜனவரியில் கையளிக்கப்பட்டது, அதுவும் சரக்கு விமானம். ஏ380 இன் இறக்கை விரிவு 79.8 மீற்றர், நீளம் 72.7, உடலை விட இறக்கை நீண்ட குட்டையான சிலுவை. 251 மட்டுமே கையளிக்கப்பட்டன, கடைசியானது 2021 டிசம்பரில் எமிரேட்ஸுக்கு. ஏ340-300 ஒல்லியான இறக்கையில் நாலு சின்ன எஞ்சின். ஒருகாலத்தில் ஸ்ரீலங்கனிடமும் இருந்தது, இப்போது இல்லை. ஏ340-600 75 மீற்றருக்கும் மேல் நீண்ட பென்சில்.

நாலு எஞ்சினை எண்ண வெள்ளைப் புகைக்கோடு உதவும். எஞ்சினுக்கு ஒரு கோடாகத் தொடங்கிப் பின்னால்தான் ஒன்றுசேரும்; சேருமுன் எண்ண வேண்டும். ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல். கோடு விழ வெளிக்குளிர் மறை 40 பாகை செல்சியஸுக்கும் நன்கு கீழே போகவேண்டும். வெப்பவலயத்தில் 35,000 அடியில் அந்தக் குளிர் பல நேரம் கிடைக்காது, 39,000 அடிக்கு மேலேதான் நிச்சயம். ஆகவே கோடு போடாமல் போகிறது என்பதால் தாழப் பறக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரே நேரத்தில் ஒன்று கோடு போட்டும் மற்றது போடாமலும் போனால் போடுவது பெரும்பாலும் உயரத்தில் நிற்கிறது.

வெளியே விசிறி (புரொப்பெலர்) சுற்றும் எஞ்சின்காரர்களைக் காதே பிரித்துவிடும். வன்னியில் முப்பது வயது தாண்டியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் இல்லை. போர்க்காலத்தில் கிபிரையும் (குண்டுவீச்சு ஜெட்) வண்டையும் (ஆளில்லா வேவு விமானம்) சத்தத்தால் பிரித்த காதுகள் அவை. பயணிகள் சேவையில் இன்று நமக்குக் கிட்ட வருவது ஏ.ரி.ஆர் 72. பலாலியில் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையம் திறந்தபின் சென்னையிலிருந்து முதலில் வந்தது அலையன்ஸ் எயாரின் ஏ.ரி.ஆர் 72, 2024 செப்டெம்பரிலிருந்து இண்டிகோவும் அதையே கொண்டுவருகிறது. இறக்கை உடலின் மேலே, ஆறு அலகு விசிறி இரண்டு, வால் இறக்கை உச்சியில் ரி எழுத்துப்போல். சில்லு மடங்குவது வயிற்றின் பக்கத்து உப்பலுக்குள். இதோடு குழம்பக்கூடிய டாஷ் 8 கியூ400 இன் சில்லு எஞ்சினுக்குள் மடங்கும், ஆகவே கால்கள் கொக்குக்கால்போல் நீளம். பலாலியில் பார்க்க வாய்த்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஏ.ரி.ஆரில் பயணிகள் ஏறுவது பின்கதவால், முன்கதவு பொதிகளுக்கு. தரையில் நிற்கும்போது வலப்பக்க எஞ்சின் இரைந்துகொண்டிருக்கும், விசிறி மட்டும் அசையாது. பழுது அல்ல. அதற்கென்று தனித் துணை எஞ்சின் இல்லாததால் விசிறிக்குப் பிரேக் போட்டுவிட்டு அந்த எஞ்சினாலேயே மின்சாரமும் குளிரூட்டலும் எடுக்கிறார்கள். ஹோட்டல் மோட் என்பார்கள்.

மேல் இறக்கை, இரட்டை விசிறி, ஆனால் வால் ரி வடிவம் இல்லை என்றால் ஏ.ரி.ஆர் அல்ல. நாலு அலகு விசிறியோடு இருந்தால் எம்ஏ60 ஆக இருக்கலாம். அன்ரனோவ் 24 வழிவந்த சீன விமானம். எஞ்சின் இறக்கைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தால் அன்ரனோவ் 32. சில்லு மடங்காமல், இறக்கையைத் தாங்கும் சாய்வுத் தண்டோடு இரண்டு எஞ்சின் என்றால் வை12. ஒற்றை எஞ்சின் என்றால் செஸ்னா கரவான். இவற்றுள் பல விமானப்படையினுடையவை. இரணைமடு, வவுனியா விமானப்படைத் தளங்களின் ஓரத்தில் கமெராவையோ தொலைநோக்கியையோ தூக்கவே வேண்டாம். பொழுதுபோக்கு என்று விளக்கிக்கொண்டு நிற்கும் இடம் அதுவல்ல. இரணைமடுக் கட்டுக்குப் பதில் அக்கராயன், முத்தையன்கட்டு என்று போகலாம்.

இரவில் வன்னிக்கு நகரத்தவருக்கு இல்லாத வசதி, இருட்டு. இறக்கை நுனியில் வெட்டும் வெள்ளை விளக்கை எண்ணுங்கள். எயார்பஸ் ஏ320, ஏ330 களில் அது "டக்-டக்" என்று இரட்டையாக வெட்டி ஓயும். 737, 777 களில் பெரும்பாலும் ஒற்றை வெட்டு. சிவப்பு இடது இறக்கையில், பச்சை வலதில். ஆகவே சிவப்பு உங்கள் வலப்பக்கம் தெரிந்தால் அது உங்களை நோக்கி வருகிறது. வெட்டவே வெட்டாமல் சீராக ஊர்ந்து போவது செய்மதி.

பிளைட்ரேடார்24 போன்ற செயலி விடைத்தாள்தான், அதை முதலிலேயே விரித்தால் கண் பழகாது. நீங்கள் ஒரு பெயர் எழுதியபின் பாருங்கள். குறியீடுகள் பழக வேண்டும்: ஏ20என் என்றால் ஏ320நியோ, ஏ21என் ஏ321நியோ, பி738 என்பது 737-800, பி38எம் 737 மக்ஸ் 8, பி77டபிள்யூ 777-300ஈஆர், ஏ333 ஏ330-300, ஏ359 ஏ350-900. பதிவெண் 4ஆர் என்று தொடங்கினால் இலங்கை, வி.ரி இந்தியா, ஏ6 அமீரகம், ஏ7 கட்டார், 9வி சிங்கப்பூர். ஸ்ரீலங்கனில் 4ஆர்-ஏபி என்பது ஒல்லி உடல், 4ஆர்-ஏஎல் என்பது ஏ330. செயலி காட்டாதது வானத்தில் இல்லை என்று எண்ண வேண்டாம். தாழப் பறப்பதைத் தரை வாங்கி எட்டாது, இராணுவ விமானங்கள் பல தம்மைக் காட்டுவதில்லை. நேரம் யூரிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் ஐந்தரை மணி கூட்டுங்கள்.

பழைய குடும்பப் படங்களில் எயார் லங்கா பிளேன் ஒன்று இருந்தால் வாலைப் பாருங்கள். வாலின் அடியில் மூன்றாவது எஞ்சின் வாய் இருந்து, புகை வாய் உடலின் கடைசி முனையில் இருந்தால் அது லொக்ஹீட் டிரைஸ்டார். அதே இடத்தில் எஞ்சின் நேர்க் குழாயாக வாலைத் துளைத்துப் போனால் டிசி-10 அல்லது எம்டி-11. டிரைஸ்டார் மொத்தம் 250 தான் கட்டப்பட்டது. எம்டி-11 இன் கடைசிப் பயணிகள் சேவை 2014 இல் கேஎல்எம்முடன் முடிந்தது. இன்று மூன்று எஞ்சின் பெரிய ஜெட் ஒன்று மேலால் போனால் அதில் பயணிகள் இல்லை, பெரும்பாலும் சரக்குத்தான்.

இன்னும் பறக்கும் அரியவற்றில் எளிதில் தவறவிடுவது ஏ330-800. நியோவின் குட்டை உடல். குவைத், உகண்டா, கிறீன்லாந்து என்று விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களிடம் மட்டும். பார்ப்பவர் அதை ஏ330-900 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். விகிதம் இங்கேதான் கைகொடுக்கும்: ஏ330-900 இல் உடலும் இறக்கையும் கிட்டத்தட்ட ஒரே நீளம், ஏ330-800 இல் உடலை விட இறக்கை நன்றாகவே நீளம்.

படம் எடுப்பவருக்கு இரண்டு எண்கள். ஜெட்டுக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி. விசிறி பிளேனுக்கு 1/250க்குக் கீழே இறக்குங்கள்; இல்லாவிட்டால் விசிறி உறைந்து, எஞ்சின் நின்றுபோன பிளேன் மாதிரி வரும். போன் கமெரா வெறும் நீலத்தில் குவியம் பிடிக்கத் தடுமாறும். தூரத்துத் தென்னையின் வட்டில் குவியத்தைப் பூட்டிவிட்டு மேலே திருப்புங்கள்.

கொப்பியில் ஒரு பிளேனுக்கு ஒரு வரி, இந்த ஒழுங்கில்: "06.40, தெற்கிலிருந்து வடக்கு, உச்சிக்கு ஒரு முட்டி மேற்கே, எஞ்சின் 2 இறக்கைக்குக் கீழ், வயிற்றில் கரும்புள்ளி இல்லை, வால் முறிவு இல்லை, பானை எஞ்சின், விகிதம் 1.23." வகை எழுதும் கட்டத்தை வரியின் கடைசியில் விடுங்கள். மேலே உள்ள வரிக்கு அங்கே வருவது ஏ321நியோ.